பொம்மருக்கும் முகம் உண்டு

கன்பராவில் உள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகம் 460ஆவது விமானப்படைப் பிரிவை இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று, 90 தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பிய ‘ஜி ஃபோர் ஜோர்ஜ்’ என்ற லங்காஸ்டர் விமானம். மற்றது, ஸ்டெல்லா போவன் 1944இல் வரைந்த ‘பொம்பர் குரூ’ ஓவியம். விமானத்தைவிட ஓவியமே நேர்மையான சாட்சி என்பேன். அடிலெய்டில் பிறந்து, 1914இல் இங்கிலாந்துக்குப் போய், ஊர் திரும்பாமலே 1947இல் இறந்தவர் போவன். பிறந்த நாட்டின் போர் ஓவியராக நியமிக்கப்பட்டு, இங்கிலாந்தின் பின்புரூக் தளத்தில் விமானி எரிக் ஜார்மனையும் அவருடைய குழுவினர் ஆறு பேரையும் வரையத் தொடங்கினார். ஏப்ரல் 27 இரவு ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரைத் தாக்கப்போன 322 லங்காஸ்டர்களில் 18 திரும்பவில்லை. ஜார்மனின் விமானமும் அவற்றுள் ஒன்று. பின்புறத் துப்பாக்கிக்காரர் லிஞ்ச் மட்டும் உயிர் தப்பிப் போர்க்கைதியானார். கையிலிருந்த கோட்டுப்படங்களையும் புகைப்படங்களையும் வைத்தே போவன் ஓவியத்தை முடித்தார்.

புகைப்படம் பார்த்து முடித்தது எப்படி உருவச்சித்திரமாகும் என்று கேட்கலாம். இறந்தபின் ஆணையிட்டு வரைவிக்கும் படங்களில் முகத்தில் ஒரு தியாகக் களை தானாக ஏறிவிடும். கோயில் கட்டாத குறைதான். இங்கே கோடுகள் விழுந்தபோது ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். அடுத்த பறப்புக்குக் காத்திருந்த வேலைக்காரர்கள். தலைமை விமானியும் தனி வீரனாக நிற்கவில்லை, நெருக்கியடித்த ஏழு முகங்களில் ஒருவர்.

இதைவிடக் கடினமான கேள்வி எங்கள் ஈழத்துச் சனத்திடமிருந்து வரும். பொம்மர் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்கள், குண்டு போட்டவனின் முகத்தை ஏன் பார்க்கவேண்டும்? ஜார்மன் குழுவின் அன்றைய இலக்கு நாஸிகளின் டாங்கி எஞ்சின் ஆலைகள்தான். ஆனால் நகரின் பெரும்பகுதியும் அழிந்தது. ஹிட்லருக்கு எதிரான போரையும் எங்களைத் துரத்திய போரையும் ஒரே தராசில் வைக்கமுடியாது என்பது உண்மை. கீழே ஒளிந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதும் உண்மை. ஆனாலும் கீழிருந்து பார்ப்பவருக்கு விமானம் முகமில்லாத சாமான். அப்படி இருப்பது அதை அனுப்புகிறவர்களுக்கே வசதி. முகம் தெரிந்தால்தான் இதை மனிதர் செய்தார்கள், மனிதர் செய்வித்தார்கள் என்று கணக்குக் கேட்கமுடியும். அவர்களுக்காகத் துக்கப்படவும் முடியும். ஒன்று மற்றதை ரத்துச்செய்யாது. ஜார்மன் குழுவின் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள், ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஊரைப் பற்றியும் வாசித்துவிட்டுப் போங்கள்.