பின் இருக்கைக்கும் ஒரு திராட்டில்

ஆரிகனில் இலையுதிர் காலத்தில் பிடிக்கும் மழை வசந்தம் வரை விடாது. ஹில்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த மழை மாதங்களையெல்லாம் கார் ஷெட்டில் விமானம் கட்டியே கழித்தார். 1990களின் நடுவில் நாங்கள் அங்கே குடிபோனபோது உடலும் இறக்கைகளும் முடிந்திருந்தன. பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அம்மா விடவில்லை. "தாத்தான்னு கூப்பிடு" என்றாள். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

விமானம் ஆர்வி-4. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் வடிவமைத்து 1979இல் முதலில் பறந்த ரகம். உதிரிகளை விற்ற வான்ஸ் ஏர்கிராஃப்ட் அப்போது பக்கத்து ஊரான நார்த் பிளெயின்ஸில்தான் இருந்தது. இறக்கை முனைக்கு முனை 23 அடி. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்காரப்போகிறவர் பாட்டி, தாத்தாவின் மனைவி. அவருக்கும் விமானம் ஓட்டத் தெரியும். "பின்னால நான் மூட்டை மாதிரி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பின் இருக்கைக்கும் ஒரு திராட்டில், அதாவது எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவர், வந்தது.

இடது பக்கச் சுவரில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு லீவர்கள். இரண்டையும் இணைக்க ஒல்லியான அலுமினியக் குழாய். முன் லீவரிலிருந்து எஞ்சின் பக்கத்துத் தீத்தடுப்புச் சுவரைத் தாண்டிக் கார்புரேட்டர் வரை கேபிள். அங்கேயும் குழாயே போட்டால் என்ன என்று கேட்டேன். தாத்தா எஞ்சினைக் கையால் அசைத்துக் காட்டினார். ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிற எஞ்சின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் குலுங்கும். விறைப்பான கம்பி என்றால் அந்தக் குலுக்கலே திராட்டிலை இழுத்துத் தள்ளும். கேபிள் வளைந்து கொடுக்கும். சைக்கிள் பிரேக் கேபிள் போலத்தான், ஆனால் இது இழுத்தால் மட்டும் போதாது, தள்ளவும் வேண்டும். அதனால் உள்கம்பி தடியாக இருந்தது. மேலுறையை இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார். உறை நழுவினால் கம்பிக்குப் பதில் உறைதான் நகரும்.

அந்த ஷெட்டில் நான் கற்றுக்கொண்டது, ஒவ்வொரு சாமானையும் பார்த்து "நீ கழன்றால் என்ன ஆகும்?" என்று கேட்பது. குழாயின் இரு முனையிலும் ராட் எண்ட் திருகியிருந்தது. வளையத்துக்குள் உருளும் எஃகுக் குண்டு. தேய்ந்து குண்டு வெளியே வந்துவிட்டால் வளையம் போல்ட் தலையைத் தாண்டி நழுவிவிடும். அதைத் தடுக்க வளையத்தைவிடப் பெரிய வாஷர் ஒன்று. நட் போய்விட்டாலும் போல்ட் தானே விழாதபடி, முடிந்த இடத்திலெல்லாம் தலை மேலே இருக்கும்படி போட்டார். லீவரோடு சுழலும் மூட்டுகளில் நைலான் நட்டை அவர் நம்பவில்லை. பள்ளம் வெட்டிய நட்டும் காட்டர் பின்னும்தான். பின்னின் கால்களை வளைக்கும்போது மூச்சுகூட விடமாட்டார்.

எனக்கென்று ஒரு வேலை இருந்தது. குழாய் முனைக்கருகே ஊசித்துளை ஒன்று உண்டு. அதில் கம்பியை நுழைக்க வேண்டும். கம்பி தடையின்றிப் போனால் ராட் எண்டின் மரை போதுமான அளவு உள்ளே ஏறவில்லை என்று பொருள். முட்டினால் செக் நட்டை இறுக்கலாம். எங்கே முட்டுகிறது என்று சொல்லும் பொறுப்பு ஒரு சிறுமிக்குக் கிடைத்தது இன்றும் எனக்குப் பெருமை.

கடைசியில் லீவர் எவ்வளவு தூரம் போகிறது என்று அளவு பார்த்தோம். பாட்டி பின் இருக்கையில், தாத்தா முன்னால், நான் எஞ்சினுக்கடியில் டார்ச்சோடு. பாட்டி லீவரைத் தள்ளத் தள்ள, கார்புரேட்டரின் கை தன் நிறுத்தத்தில் போய் முட்ட வேண்டும். அப்போதும் லீவருக்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும். லீவர் முதலில் நின்றுவிட்டால் எஞ்சின் முழுச் சக்தி தராது. "தொட்டாச்சு!" என்று நான் கத்துவேன். தாத்தா அரைச்சுற்று திருகுவார். மறுபடி முதலிலிருந்து. எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடில் பக்கமும் அப்படியே. சாப்பிடக் கூப்பிட வந்த அப்பாவும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வீட்டில் கட்டிய விமானத்தில் சோதனைப் பறப்பு மணிநேரம் முடியும் வரை வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது அன்றைய விதி. சான்று பெற்ற எஞ்சினும் அதற்கேற்ற புரொப்பெல்லரும் என்றால் 25 மணி நேரம், இல்லையேல் 40. அதுவரை பாட்டி பொறுத்திருந்தார். பிறகு ஒரு தெளிவான காலையில் இருவரும் மேற்கே வயல்களுக்கு மேல் போய் வந்தார்கள். இறங்கியதும் தாத்தா அம்மாவிடம் வந்து, பாதி வழி தான் கையையே வைக்கவில்லை, பாட்டிதான் ஓட்டினார் என்றார். "பின்னாலிருந்தா?" என்று அம்மா நம்பாமல் கேட்டாள். அன்று சாயங்காலமே ஷெட்டுக்கு வந்து, பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, லீவரைத் தானே தள்ளிப் பார்த்தாள்.