பாட்டி கேட்ட கேள்வி

காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில், 1847-ஆம் ஆண்டு மறைந்த தியாகராஜ சுவாமிகளின் நினைவாக ஆண்டுதோறும் ஆராதனை விழா நடைபெறுவதை யாவரும் அறிவோம். சென்ற ஆண்டு நானும் அப்பாவுடன் சென்றிருந்தேன். முதுமையால் நடக்க இயலாத என் பாட்டி, "எனக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வா, கண்ணு" என்று சொல்லி அனுப்பினார்.

பந்தலில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் 5-ஐயும் சேர்ந்து பாடினர். நானோ அப்பாவின் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பதிலேயே முனைந்திருந்தேன். தொலைவில் இருந்தவர்களைப் பெரிதாக்கினால் படம் மங்கியது. கை அசைந்தால் முகமே கலைந்தது. பின்னாலிருந்த பெரியவர், "அம்மா, உன் கைதான் எனக்குத் தெரிகிறது" என்றார். வெட்கமாக இருந்தது. ஆயினும் நான் நிறுத்தவில்லை.

வீடு திரும்பியதும் 84 படங்களையும் காட்டினேன். பாட்டி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வராளி ராகக் கீர்த்தனையை எல்லோரும் சேர்ந்து பாடியபோது எப்படி இருந்தது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாடியது காதில் விழுந்ததே தவிர, மனத்தில் நிற்கவில்லை. பாட்டி ஒன்றும் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்த ஆண்டு, பாட்டு தொடங்குமுன் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய 5 ராகங்களையும் அமைதியாகக் கேட்டேன். மாலையில் பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து, நினைவில் நின்றவரை பாடிக் காட்டினேன். அவர் கண்களை மூடிக்கொண்டு தாளம் போட்டார். எடுத்த படத்தைப் பார்க்க இருவருமே மறந்துவிட்டோம்.

தோழியரே, படம் எடுப்பது தவறன்று. ஆனால் கேட்கச் சென்றதை முதலில் கேட்போம்.