ஊசியும் சுருள்வில்லும்

1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த ரயில்வே பணிமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் பொன்மலை. இங்கே சரக்கு வண்டி கடந்தால் அடுக்களைப் பாத்திரம் அதிரும். எல்.பி. இசைத்தட்டின் தடமோ தலைமயிர் அளவே அகலமுடையது. தரையின் நடுக்கத்தையும் நாதசுரத்தையும் ஊசி பிரித்தறியாது; இரண்டையும் இசையென்றே படிக்கும். என் தந்தையார் விட்டுச்சென்ற ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஊசி தாவிய கீறல் ஒன்றுண்டு. இரண்டாவது கீறல் விழலாகாது என்பதே என் கவலை.

கனத்த கடப்பைக்கல் போதும் என்பர். போதாது. சிமெண்டுத் தரையில் கிடக்கும் கல் தரையோடு சேர்ந்தே நடுங்கும். கூரிய உலோகக் கால்களும் அவ்வாறே. (விலையைக் கேட்டால் நாமும் நடுங்குவோம்.) கல்லைச் சுருள்வில்களின்மேல் ஏற்றினால்தான் அதன் கனத்துக்குப் பயன் உண்டு. சுமையால் ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் வில்லின் இயல்பதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 5. அதன் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகள் குறையத் தொடங்கும். விறைப்பான வில்லில் அவ்வெண் 10ஐ எட்டினால் கேடு. ஊசி தாங்கும் கையின் சொந்த அதிர்வும் அதையொட்டியே இருக்கிறது.

இப்பணிமனையில் பழுதுபார்க்கப்பட்டு வந்த ஐ.சி.எஃப். பெட்டிகளின் அடியில் இதே ஏற்பாட்டைக் காணலாம்: இரண்டு அடுக்குச் சுருள்வில், கூடவே எண்ணெய்த் தணிப்பான். தணிப்பான் இல்லையேல் வில் ஆடிக்கொண்டே இருக்கும். என் கல்லின் கீழும் நான்கு வில்களோடு ரப்பர்த் துண்டுகள் வைத்திருக்கிறேன். வண்டி கடக்கையில் இப்போது ஊசி அசைவதில்லை.

ஒலிபெருக்கியிலிருந்து காற்றின் வழியே வந்து தட்டை உலுக்கும் அதிர்வுக்கு மட்டும் வில் உதவவில்லை. சுழலியை எதிர்ச்சுவரோரம் நகர்த்த வேண்டியிருந்தது.