உட்கார வைக்கும் வித்தை

கிள்ளான் நகருக்கு வடக்கே, ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்திருந்து இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளுமாக மாறிவிட்ட மேருவில், கடைவீடொன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறியதொரு போட்டோ ஸ்டூடியோவில், மனிதர்களைப் படத்துக்கு உட்கார வைக்கும் வித்தையை அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் உள்ள ஸ்டூடியோக்களில் காணும் அலங்காரங்கள் அங்கே இல்லை. சாம்பல் நிறத் திரை ஒன்று, விளக்குகள் இரண்டு, உயரம் வேறுபட்ட சில ஆசனங்கள், இவ்வளவே.

கை கால்களை ஒழுங்குபடுத்திப் படம் எடுப்பது செயற்கை என்றும், ஆள் அறியாமல் எடுப்பதே இயற்கை என்றும் இக்காலத்தில் பலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காமிராவின் முன்னால் சும்மா விடப்பட்ட மனிதரிடம் அவருடைய சுபாவம் தோன்றுவதில்லை; அச்சமே தோன்றுகிறது. அந்த அச்சத்தை அங்கம் அங்கமாகக் களைந்தெடுக்கும் பிரயாசைதான் இந்தத் தொழில் என்பதை அன்று வந்த ஒரு மூதாட்டியின் விஷயத்தில் கண்கூடாகக் கண்டேன்.

வயது எண்பதை எட்டிய அவர், இளமை முழுவதையும் பால்வெட்டிலேயே கழித்தவர். பேரனின் வற்புறுத்தலுக்காக வந்திருந்தார். விளக்கின் எதிரே அமர்ந்த மாத்திரத்தில் தோள்கள் விறைத்தன, மோவாய் உயர்ந்தது, விழிகள் அகன்றன. "ஐசிக்குப் புடிச்ச மாதிரிதானே இருக்கணும், தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1948இல் அவசரகாலம் பிரகடனமானபோது, மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டையை, அதாவது ஐசியை, பெற்றாக வேண்டும் என்று விதி வந்தது. லயங்களில் வாழ்ந்த நம்மவர் பலருக்கு அதுவே முதற்படமாக இருந்திருக்க வேண்டும். தாம் விரும்பி எடுத்துக்கொண்டதன்று, சோதனைச் சாவடியில் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அரசாங்கம் கேட்டு வாங்கிய படம். நிழற்படக் கலையின் ஆரம்ப காலத்தில், ஒளி பதிவாகப் பல விநாடிகள் பிடித்தமையால், தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்றை நிறுத்துவார்கள். விநாடியில் 125இல் ஒரு பங்கு போதுமென்று ஆகிவிட்ட இந்நாளிலும், கண்ணுக்குத் தெரியாத கவ்வியொன்று அந்தப் பாட்டியின் பிடரியைப் பற்றிக்கொண்டிருந்தது.

"ஐசி அவங்களுக்கு, இது உங்களுக்குப் பாட்டி" என்ற படக்காரர், முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பாதங்களைக் கவனித்தார். பாதம் பதியாதவரையில் தோள் தளராதாம். ஆகவே காலடியில் ஒரு பலகை வந்தது. உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, முகத்தை மட்டும் விளக்கின் திசைக்கு மீட்டார். இடம், வலம் என்று சொல்லிக் குழப்பாமல், எதிரில் தாமே உட்கார்ந்து கண்ணாடிப் பிம்பம்போலச் செய்துகாட்ட, பாட்டி அதைப் பின்பற்றினார். "நெத்திய மட்டும் என் பக்கமா கொஞ்சம் கொண்டாங்க" என்றதும் உயர்ந்திருந்த மோவாய் தானே தாழ்ந்து, கழுத்தின் தொய்வு மறைந்தது.

கைகளை அவர் முந்தானைக்குள் மறைத்திருந்தார். பெண்களின் கையைப் பக்கவாட்டாக, மெலிந்து தோன்றும்படி காட்டுவதே இத்தொழிலின் வழக்கம். படக்காரரோ, "உழைச்ச கைய ஏன் பாட்டி ஒளிக்கிறீங்க?" என்று சொல்லி, காப்புக் காய்த்த வலக் கரத்தை இடது மணிக்கட்டின்மேல் வைத்து, புறங்கையின் நரம்புகள் துலங்கும்படி விளக்கைச் சிறிது தாழ்த்தினார். விதியை எவ்விடத்தில் மீற வேண்டும் என்று அறிந்த அந்த விவேகத்தை நான் மிகவும் போற்றுகிறேன்.

பிறகு, "பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?" என்று, தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் நேரத்தைக் கேட்டார். பாட்டி விடியலிருட்டையும், கங்காணியின் குரலையும், வாளியின் கனத்தையும் சொல்லி முடித்து மூச்சை வெளிவிட்டார். தோள்கள் இறங்கிய அந்தக் கணத்தில் படம் பதிவாயிற்று.

இத்தேசத்தில் இக்கலையோடு நமக்குள்ள உறவு பழமையானது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன், 1860களின் தொடக்கத்தில் பினாங்கில் தொழில் நடத்தியபோது, மதராஸிலிருந்து வந்த இருவரைப் பழக்கி உதவியாளராக வைத்துக்கொண்டதை 1875இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிடுகிறார். அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்காமற்போனது பெருங்குறையே.

இப்பொழுது அடையாள அட்டைக்குப் பதிவிலாகாவிலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். அந்த வருமானம் நின்றுவிட்ட பிறகு, பட்டமளிப்பும் அறுபதாம் கல்யாணமும் குடும்பப் படங்களுமே இந்தக் கடையைத் தாங்குகின்றன. ஆனால் ஐசியோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று படக்காரர் வருத்தத்தோடு சொன்னார். தாயோ தகப்பனோ மறைந்த பின்பு, மாலையிட வேறு படம் இல்லாமல், அட்டையிலுள்ள அந்த விறைத்த முகத்தையே பெரிதாக்கித் தரும்படி கேட்கிறார்களாம். ஆதலால், வரும் இளைஞர்களிடமெல்லாம், பெரியவர்களை இருக்கும்போதே அழைத்து வாருங்கள் என்று அவர் கூறி அனுப்புகிறார். அன்று அந்தப் பேரனும், காப்பாரில் இருக்கும் சின்னப் பாட்டியை அடுத்த ஞாயிறு காலை அழைத்து வருவதாக நேரம் குறித்துக்கொண்டுதான் புறப்பட்டார்.