பீரோவில் பூட்டி வைத்த மவுஸ்

எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு மவுஸ் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. பூட்டியது நான்தான்.

மகன் அப்போது ப்ளஸ் டூ. பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் பெரியவர்கள் கொடுத்த காசைச் சேர்த்து, 1,300 ரூபாய்க்கு ஒயர் வைத்த கேமிங் மவுஸ் வாங்கியிருந்தான். சொருகியதும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னியது. "மாரியம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி இருக்கே" என்றார் கணவர். "350 ரூபாய்க்கே மவுஸ் கிடைக்குதே கண்ணு" என்றேன் நான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் மார்க் குறைந்ததும், என் கோபம் மொத்தமும் அந்த மவுஸ் மேல் திரும்பியது. பிடுங்கினேன், பூட்டினேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு என்னோடும் பேசவில்லை.

நான் திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு 20-ம் தேதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தாண்டினால் தாமதக் கட்டணம், வரிக்கு வட்டி. அந்த மாதம் 20-ம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு என் வயர்லெஸ் மவுஸ் உயிரை விட்டது. வீட்டில் வேறு பேட்டரி இல்லை. டி.வி. ரிமோட்டைப் பிரித்தால் அதில் இருப்பது சின்ன சைஸ். தெருமுனைக் கடையும் சாத்தியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பீரோ சாவியை எடுத்தேன்.

சொருகினேன். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்தினேன் போலிருக்கிறது. லேசாகத் தொட்டாலே அம்புக்குறி திரையின் அந்தக் கோடிக்கு ஓடியது. எக்ஸெல்லில் ஒரு கட்டத்தைக் குறி வைத்தால் நாலு கட்டம் தள்ளிப் போய் நின்றது. படித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன்.

வந்தான். மவுஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "டி.பி.ஐ. 3200-ல இருக்கும்மா" என்று மட்டும் சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் இருந்த சின்ன பட்டனை இரண்டு தடவை அழுத்தினான். அம்புக்குறி அடங்கியது.

மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்புக்குறி எத்தனை புள்ளி நகர வேண்டும் என்பதுதான் அந்த டி.பி.ஐ.யாம். எங்கள் திரையின் அகலம் 1920 புள்ளி. 3200 வைத்தால் முக்கால் அங்குலத்துக்குள் திரையே முடிந்துவிடும். 800 வைத்தால் இரண்டரை அங்குலம் வரை நகர்த்தலாம்.

"கேம் ஆடறப்ப 3200 வெச்சுக்குவியா?" என்று கேட்டேன். மூன்று வாரத்தில் அவனிடம் நான் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"இல்லம்மா, அப்பவும் 800தான். ரொம்ப ஓடுனா குறி தப்பிடும். பெரிய ப்ளேயர்ஸ்கூட நிறைய பேர் 400, 800தான் வெச்சிருக்காங்க."

நான் என்னவோ அந்த விளையாட்டு முழுக்க வேகம், வெறி என்றுதான் நினைத்திருந்தேன்.

நடுவில் ஒரு தடவை என் கட்டைவிரல் பக்கவாட்டு பட்டனில் பட்டு, நிரப்பிக்கொண்டிருந்த பக்கம் பின்னால் போய்விட்டது. பிரௌசரில் அந்த பட்டனுக்கு அதுதான் வேலை. முதலிலிருந்து நிரப்பினேன். தாக்கல் முடியும்போது மணி பதினொன்றே முக்கால். அவன் அதுவரை பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

பூட்டி வைத்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் கேசரி கிண்டினேன். மவுஸ் மறுபடி பீரோவுக்குப் போகவில்லை. அவன் பதிலுக்கு, அந்தப் பக்கவாட்டு பட்டன் இரண்டையும் எனக்காக காப்பி, பேஸ்ட் என்று மாற்றி வைத்தான். ஆயிரம் பில்லை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுபவளுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது என் இடது கைக்குத்தான் தெரியும்.

எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். சாதாரண மவுஸ் நொடிக்கு 125 தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பினால், இது 1000 தடவை அனுப்புமாம். கணக்கு எழுதுவதில் எனக்கு அந்த வித்தியாசம் கடுகளவும் தெரியவில்லை. ஒயர் மேஜை ஓரத்தில் மாட்டி இழுக்கும். அதற்குத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். பேட்டரி மட்டும் வேண்டாம். 20-ம் தேதி ராத்திரிக்கு அது போதும்.

கல்லூரி ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "நீயே வெச்சுக்கம்மா" என்று விட்டுப் போனான். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. உள்ளே ஸ்விட்ச் தேய்ந்து, சில நேரம் ஒரு கிளிக் இரண்டாக விழுகிறது. புதிது வாங்கச் சொல்கிறான். பார்க்கலாம்.

போன மாதம் லீவுக்கு வந்தவன் வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எனக்கோ இரண்டு கம்பெனி கணக்கு பாக்கி.

"பத்தே நிமிஷம்மா, இந்த மேட்ச் முடிஞ்சுடும்."

எந்த மேட்ச்சும் பத்து நிமிஷத்தில் முடியாது என்பது எனக்கு இப்போது தெரியும். நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.