கஞ்சாமில் வாழ்ந்த பெரிய சுவாமி



பெங்களூரிலுள்ள எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர், ஐந்து நாள் ஊழியப் பயணமாக மைசூருக்குப் போய்வந்தோம். அதிகாலை நான்கரை மணிக்கு எழும்புவோம். ஐந்து மணிக்கு ஜெபம். ஏழு மணிக்கு வேன் வந்து நிற்கும். தங்கியிருந்த வீட்டில் ராகிக் களியும் கீரைச் சாறும் கொடுத்தார்கள். களியை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று அந்த வீட்டு அம்மா கற்றுக்கொடுத்தும், எங்கள் வாலிபப் பிள்ளைகள் மென்றுகொண்டேயிருந்தார்கள். பின்பு கிராமங்களில் வீடு வீடாகக் கைப்பிரதி கொடுத்தல், வியாதியஸ்தருக்காக ஜெபித்தல். பன்னிரண்டு பேரில் கன்னடம் பேசத் தெரிந்தவர்கள் மூவரே. இரவில் அறிக்கை எழுதுவது என் பொறுப்பு: சந்தித்த வீடுகள் எத்தனை, கொடுத்த பிரதிகள் எத்தனை, கரம் உயர்த்தினோர் எத்தனை.

மூன்றாம் நாள் ஒரு மூதாட்டி, காய்ச்சலில் கொதித்த பேரனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். ஜெபித்தோம். எழும்பும்போது, "நாளைக்கும் வருவீர்களா?" என்று கன்னடத்தில் கேட்டாள். நாளைக்கு வேறே கிராமம் என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவளையும் கணக்கில் ஒன்றாக எழுதினேன்.

நான்காம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனோம். மைசூரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். கோட்டையைக் கடந்து கிழக்கே போனால் கஞ்சாம். ஒரு காலத்தில் அத்திப்பழத்துக்குப் பேர்பெற்ற ஊர் இது. திப்புவின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் அநேகர். அங்குள்ள பழைய தேவாலயத்தைத் தேடி வருகிறவர்கள் சிலரே. அது அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குருவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அவர் ரோமன் கத்தோலிக்கர். அவருடைய உபதேசம் நம்முடையதல்ல. ஆயினும் அவர் வாழ்ந்த விதத்தை நம் சபையார் அறிவது நல்லது.

1766இல் பிரான்சில் பிறந்த துபுவா, 1792இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தார். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின், திப்புவின் காலத்தில் சிதறுண்டுபோன கிறிஸ்தவர்களைத் திரும்பக் கூட்டிச்சேர்க்க மைசூர் நாட்டுக்கு அழைக்கப்பட்டார். இந்நாட்டாரைப் போலவே உடுத்தி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் அருவருப்பதை விலக்கி வாழ்ந்தார். ஜனங்கள் அவரை 'தொட்ட சுவாமியோரு', அதாவது பெரிய சுவாமி, என்று அழைத்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்துப் பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் எழுதி 1826இல் வெளியிட்டவரும் அவரே. இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகன் கொடுத்து வாங்கிற்று. (அதில் பெரும்பகுதி முந்திய ஒரு இயேசு சபைக் குருவின் எழுத்தைத் தழுவியது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.)

என்னை நிறுத்தியது வேறொன்று. பெரியம்மைக்கு எதிரான ஜென்னரின் அம்மைப்பால் 1802இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. துபுவா அதை மைசூர் நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 1803–04இல் மாத்திரம் 25,432 பேருக்கு வைக்கப்பட்டதாகக் கணக்கு உண்டு. அக்காலத்தில் அது சீசாவில் வருவதல்ல. ஒருவருடைய கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவருடைய கையில் வைக்கவேண்டும். கொப்புளம் பழுக்க ஏறக்குறைய எட்டு நாட்கள் ஆகும். ஆகையால், ஊசி வைத்தவர் எட்டாம் நாள் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். அம்மையை அம்மனின் சீற்றம் என்று அஞ்சிய ஜனங்களிடத்தில், ஒரு முறை வந்து மறைகிறவனுக்கு இது கூடுகிற காரியமா?

எங்கள் பெரியோர்களில் மருந்தையே தொடாதவர்கள் உண்டு. என் தகப்பனாரும் அப்படியே. அந்த விசுவாசத்தை நான் இகழேன். ஆனாலும் அன்றைக்கு ஜெபம் முடிந்ததும், "பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா?" என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லையே என்பது என் நெஞ்சைக் குத்திற்று.

துபுவா 1823இல் பிரான்சுக்குத் திரும்பினார். அதே வருஷம் லண்டனில் வெளியான தம் கடிதங்களில், இந்துக்களை மனந்திருப்புவது கூடாத காரியம் என்று எழுதினார். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற இருநூறு முந்நூறு பேரில், மெய்யான உணர்வினால் வந்தவர் என்று சொல்ல ஒருவரும் நினைவுக்கு வரவில்லை என்று வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார். ஜேம்ஸ் ஹஃப் முதலிய புராட்டஸ்டண்டு ஊழியர்கள் இதற்குக் கடுமையான மறுப்பு எழுதினார்கள். முடிவைப்பற்றி நானும் அவர்களோடேதான் நிற்கிறேன். ஆனால் முப்பது வருஷத்துக்குப் பின்பு தன் அறிக்கையில் அப்படி எழுதத் துணிந்தவர் எத்தனை பேர்? நான் மூன்று இரவில் 214 என்று எழுதியிருந்தேன்.

கடைசி நாள் காலையில், அரண்மனை பார்க்கப் போனவர்களை விட்டு, கன்னடம் தெரிந்த ஒரு சகோதரியோடு பஸ் ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பிள்ளையை மைசூர் செலுவாம்பா மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றார் அண்டைவீட்டார். அங்கே போய்ச் சேர மத்தியானமாயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்திருந்தது. மூதாட்டிக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. சகோதரி ஊர்ப்பெயரையும் அந்த நாளையும் சொன்னபோது, சற்றுநேரம் பார்த்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள்.