உமலும் திருவலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சந்தைக்குப் போவது ஆணின் வேலை, சமைப்பது பெண்ணின் வேலை என நெடுங்காலம் நிலவிய வழக்கத்தை நேர்மையான பங்கீடாகக் கொள்வோர் உளர். ஆயினும் சுன்னாகச் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ போனவரிடம் காசும் தெரிவும் இருக்க, வீட்டில் நின்றவருக்கு உமலில் வந்ததைக் கறியாக்கும் கடமை மட்டுமே எஞ்சியதால், அது பங்கீடு ஆகாது. உமல் என்பது பனையோலையால் இழைக்கப்படும் பை. அதற்குள் வரும் ஒரு கூறு மீனைச் செதிள் நீக்கி வெட்டிக் கழுவி, திருவலையில், அதாவது தேங்காய் துருவும் மணையில், அமர்ந்து தேங்காய் துருவி, முதற்பாலை வேறாகவும் பின்வரும் கப்பிப்பாலை வேறாகவும் பிழிந்து, கப்பிப்பாலில் மீனை அவித்து, இறக்கும் தறுவாயில் முதற்பால் சேர்த்தாலே குழம்பு ஆகும். அதற்குரிய தூளோ பல நாள்களுக்கு முன்பே வறுத்து இடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்து ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமை, மணவாழ்வின்போது ஈட்டப்படும் சொத்தைத் 'தேடியதேட்டம்' என வகுத்து, அதில் கணவனுக்கும் மனைவிக்கும் உரிமை வழங்கியது. தேட்டத்தைப் பொதுவாகக் கண்ட சமூகம் அடுப்படி உழைப்பைப் பொதுவாகக் காணவில்லை என்பது வருந்தத்தக்கது.

சந்தைக்கும் அடுப்படிக்கும் இடையே இருந்த இவ்வெல்லையை இலங்கையின் உள்நாட்டுப் போர் ஒரு பக்கமாக மட்டுமே தகர்த்தது. ஆண்கள் இறந்தும் காணாமற்போயும் நாடு கடந்தும் போன வீடுகளில் பெண்கள் சைக்கிளில் சந்தைக்குப் போயினர். குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபின் சங்கக்கடை எனப்படும் கூட்டுறவுக் கடைகளின் வாசலில் குடும்ப அட்டையுடன் வரிசையில் நின்றவர்களிலும் அவர்கள் இருந்தனர். சந்தை பெண்ணின் கைக்கு வந்தபோதிலும் அடுப்படி ஆணின் கைக்குப் போகவில்லை.

ஆணுக்குச் சமைக்கத் தெரியாது என்னும் சாட்டு கடல் கடந்த நாடுகளில் நிற்காது. 1980களில் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் தனியே வந்த இளைஞர்கள் ஓரறையில் பலராகத் தங்கி, முறைவைத்துச் சமைத்து உண்டனர்; உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கிய பலர் சமையலாளராகவும் உயர்ந்தனர். ஊரிலும் கலியாண வீட்டுப் பெருஞ்சமையலை ஆண்களே செய்வர், பனங்கிழங்கு மாவில் ஆகும் ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் கிடாரத்தைச் சுற்றி நிற்போரும் பெரும்பாலும் அவர்களே. ஆகவே கூலியோ கொண்டாட்டமோ உள்ளபோது சமைக்கும் கை, அவை இல்லாத அன்றாட அடுப்பிலிருந்தே விலகி நிற்கிறது. கடல் கடந்து போன அந்த இளைஞர்களின் முறைச் சமையலோ, ஊரிலிருந்து மணமகள் வந்திறங்கியதும் பல வீடுகளில் நின்றுபோனது. அவளும் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறாள் என்பது அங்கே கணக்கில் எடுக்கப்படவில்லை.

மனைவியின் வேலை நேரத்துக்கு ஏற்பக் கணவன் சோறும் சொதியும் ஆக்கிவைக்கும் வீடுகள் இன்று ஊரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உள்ளன. அக்கணவனை 'உதவி செய்கிறார்' என்று புகழ்வதையேனும் நிறுத்த வேண்டும். மகனிடம் உமலைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பும் தந்தையர், அவன் திரும்பி வந்ததும் திருவலையிலும் இருத்திப் பழக்குவார்களாக.